ரிமோட் சொல்வதை மின்விசிறி கேட்காதபோது: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

"ரிமோட் வேலை செய்யவில்லை" என்று சொல்லப்படும் மின்விசிறிக் கோளாறுகள் பலவற்றுக்கு ரிமோட் காரணமே அல்ல. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர்தான் காரணம். ரிமோட் விசிறி வாங்கி மாட்டுகிறவர்கள் ரெகுலேட்டரை அகற்றாமல் விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு விசிறி நன்றாக ஓடுகிறது. சில வாரம் கழித்து யாரோ ஒருவர் பழக்கத்தில் அந்தக் குமிழைத் திருகுகிறார். விசிறி திணறி நிற்கிறது. வீட்டிலுள்ளவர்கள் ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கப் போகிறார்கள். ஒரு விசிறியின் வேகத்தைத் தீர்மானிக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இந்த விதியைக் கடைப்பிடித்தால் கீழே வரும் அறிகுறிகளில் பல உங்கள் வீட்டுப் பக்கம் வராது.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொட வேண்டாம். ஒரு வகைக்குச் சரியான மருந்து இன்னொரு வகைக்கு நஞ்சு.

முதல் வகை, ரிமோட்டுடனே விற்கப்படும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின்சார மோட்டார்) விசிறி. 2023 ஜனவரி 1 முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாயிற்று. ஐந்து நட்சத்திர விசிறிகள் பெரும்பாலும் இந்த வகை என்பதால், ரிமோட்டும் சேர்ந்தே வீட்டுக்குள் வந்துவிட்டது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது முழு வேகத்தில் 30 வாட் அளவே இழுக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இதன் உள்ளே ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. 230 வோல்ட்டை வாங்கி, நேர்மின்சாரமாக மாற்றி, மோட்டாரின் மூன்று சுருள்களுக்கும் முறைவைத்து அனுப்புவது அதன் வேலை. ரிமோட் பேசுவதும் அந்தப் பலகையோடுதான்.

இரண்டாம் வகை, கண்டென்சர் வைத்த பழைய விசிறி. அதற்கென ரிமோட் கிட் தனியாகக் கிடைக்கும். ஒரு சிறிய ரிசீவர் பெட்டியைக் கூரையை ஒட்டிய கப்புக்குள்ளோ சுவிட்ச் பெட்டிக்குள்ளோ வைத்து இணைக்க வேண்டும். இந்தக் கிட்டை எக்காரணம் கொண்டும் பிஎல்டிசி விசிறியில் இணைக்காதீர்கள். பலகை எரிந்துபோகும்.

ரிமோட்டிலும் இரண்டு வகை உண்டு. முனையில் சிறு எல்இடி தெரிந்தால் அது அகச்சிவப்புக் கதிர் ரிமோட். விசிறியை நோக்கிப் பிடித்தால்தான் கேட்கும், சுவரைத் தாண்டாது. ரேடியோ அலை ரிமோட் எந்தப் பக்கம் பிடித்தாலும், போர்வைக்குள் இருந்து அழுத்தினாலும் கேட்கும். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காக வாங்குகிறீர்கள் என்றால் ரேடியோ வகையையே வாங்குங்கள். குறிபார்த்து அழுத்தச் சொல்லி அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம்.

பொருத்தும்போது

சுவிட்சை அணைத்துவிட்டு ஏணி ஏறுவது போதாது. பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருக்கும். அணைத்தாலும் கூரையில் தொங்கும் ஃபேஸ் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சுற்றின் எம்சிபியை, அதாவது மெயின் பெட்டியில் அந்தச் சுற்றை மட்டும் துண்டிக்கும் சுவிட்சை, இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள்; மெயினை இறக்கிய நொடியில் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதே கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு கூரையில் வெளிவரும் இரண்டு கம்பிகளிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். டெஸ்டர் நல்ல நிலையில்தான் இருக்கிறதா என்று முன்பே ஒரு பிளக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். விசிறி நான்கைந்து கிலோ எடை இருக்கும். கீழே இன்னொருவர் தாங்கிப் பிடிக்காமல் கழற்றவோ மாட்டவோ வேண்டாம்.

அடுத்து ரெகுலேட்டர். சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் ரெகுலேட்டருக்குள் ஒரு கம்பி போய் இன்னொன்று வெளியே வரும். இரண்டையும் கழற்றி, ஒரு கனெக்டரில் முறுக்கி இறுக்கி, ரெகுலேட்டரை எடுத்துவிட்டு அந்த ஓட்டையை வெற்று மூடியால் அடைத்துவிடுங்கள். "ஐந்தில் வைத்துவிட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. படிப்படியாகச் சொடுக்கும் கண்டென்சர் வகை ரெகுலேட்டர் ஐந்தாம் நிலையில் நேரடியாகவே இணைத்துவிடும். அதில் விசிறி ஓடும், யாரும் தொடாத வரைக்கும். வழுவழுவென்று சுழலும் மின்னணு ரெகுலேட்டரோ முழுவதும் திருப்பி வைத்தாலும் மின்னலையின் ஒரு துண்டை வெட்டித்தான் அனுப்பும். அந்த வெட்டுப்பட்ட அலை ரிசீவரையும் பிஎல்டிசி பலகையையும் சூடேற்றித் தின்றுவிடும். அகற்றிவிடுவதே நிரந்தரமான வழி.

பிஎல்டிசி விசிறியானால் அத்தோடு வேலை முடிந்தது. இரண்டு கம்பிகளை ஃபேஸ், நியூட்ரல் பார்த்து இணைத்தால் போதும். பச்சைக் கம்பி இருந்தால் அது எர்த்துக்கு.

கிட் என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். ரிசீவரில் ஒரு பக்கம் உள்ளே வரும் ஃபேஸ், நியூட்ரல். மறுபக்கம் விசிறிக்குப் போகும் கம்பிகள். உள், வெளி மாறினால் ரிசீவருக்குத் தேவையான மின்சாரமே கிடைக்காது, அல்லது போட்ட உடனே எரியும். நிறத்தை நம்பாமல், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தை நம்புங்கள். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் விசிறி ஓடத்தான் செய்யும். ஆனால் ரிமோட்டில் அணைத்த பிறகும் மோட்டார் சுருளில் மின்சாரம் நிற்கும். தூசி துடைக்க ஏறுகிறவருக்கு அது ஆபத்து.

ரேடியோ ரிசீவரில் வால் போல ஒரு மெல்லிய கம்பி தொங்கும். அது ஆன்டெனா. 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் அதன் நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு. மீதிக் கம்பி என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள், சுருட்டியும் வைக்காதீர்கள். கப் உலோகமாக இருந்தால் வாலை மட்டும் விளிம்பு வழியாக வெளியே நீட்டிவிடுங்கள். கப்பை மேலே தள்ளி இறுக்கும்போது கம்பி எதுவும் விளிம்பில் நசுங்கவில்லை என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இனி அறிகுறிகள்.

பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

முதல் கேள்வி: விசிறிக்கு மின்சாரம் போகிறதா? பல பிஎல்டிசி விசிறிகள் சுவிட்சைப் போட்டதும் ஒரு 'பீப்' ஒலி தரும், அல்லது ஒரு சிறு விளக்கு மின்னும். அந்த அறிகுறி வந்தால் பலகைக்கு உயிர் இருக்கிறது. ரிமோட் பக்கம் தேடுங்கள். வராவிட்டால் சுவிட்ச், ரெகுலேட்டரைக் கழற்றிய இடத்தில் போட்ட கனெக்டர், கூரைக் கனெக்டர் என்று கம்பி போகும் வழியிலேயே போய்ப் பாருங்கள். திருகு இறுக்கப்படாமல் கம்பி நழுவியிருப்பது அடிக்கடி காணும் காரணம்.

ரிமோட் பக்கம் என்றால் அகச்சிவப்பு வகைக்கு எளிய சோதனை உண்டு. கைப்பேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதற்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் திரையில் ஊதா வெளிச்சமாகத் துடிக்கும். பின்பக்கக் கேமராக்கள் சில இக்கதிரை வடிகட்டிவிடும் என்பதால் முன்பக்கக் கேமராவிலும் பாருங்கள். துடித்தால் ரிமோட் நன்றாக இருக்கிறது. துடிக்காவிட்டால் பேட்டரி இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று போட வேண்டாம். பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளை, பச்சைப் படலம் பூத்திருந்தால் அதைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரேடியோ ரிமோட்டில் இந்தக் கேமரா சோதனை எதையும் காட்டாது.

ஆன் பொத்தான் மட்டும் செத்து, மற்றவை வேலை செய்தால் அது தேய்மானம். ரப்பர் பொத்தானுக்கு அடியில் இருக்கும் கரிப்பூச்சு, அதிகம் அழுத்தப்படும் இடத்தில்தான் முதலில் போகும். ரிமோட்டைத் திறந்து பலகையையும் ரப்பரின் அடிப்பக்கத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும்.

சிறு நாணயம் போன்ற பேட்டரி போடும் ரிமோட் வீட்டில் இருந்தால், அதன் மூடி திருகோடு இறுகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே சுட்டுப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ரிமோட்டும் சரி, மின்சாரமும் சரி என்றால் ரிமோட்டுக்கும் விசிறிக்கும் இடையில் அறிமுகம் அறுந்திருக்கும்; அந்த ரிமோட்டை விசிறி மறந்திருக்கும். சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டு, போட்ட சில நொடிக்குள் கையேட்டில் சொல்லப்பட்ட பொத்தானை 'பீப்' கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். எந்தப் பொத்தான், எத்தனை நொடி என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு. கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இடி மின்னலுக்குப் பிறகோ, ஓர் இரவில் விளக்குகள் கண்ணைக் கூசும் அளவுக்குப் பிரகாசித்த பிறகோ விசிறி செத்திருந்தால் கதை வேறு. மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறக்கூடும். பலகையின் வாயிலில் இருக்கும் ஃபியூஸோ, மின்னழுத்தம் தாங்கும் பாகமோ வெடித்திருக்கும். ஒரே நேரத்தில் டிவியும் சார்ஜரும் போயிருந்தால் ஐயமே இல்லை. விசிறியைச் சரிசெய்வதற்கு முன் நியூட்ரலைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புதுப் பலகையும் அதே வழியில் போகும்.

'பீப்' ஒலிக்கிறது, இறக்கை சுற்றவில்லை

ரிமோட்டும் பலகையும் பேசிக்கொள்கின்றன. சிக்கல் மோட்டார் பக்கம். பிஎல்டிசி விசிறி புறப்படும்போது ஒரு சிறு குலுக்கல், சில சமயம் அரை அங்குலம் பின்னோக்கி நகர்வது இயல்புதான். குலுங்கி, நின்று, மறுபடி குலுங்கிக்கொண்டே இருந்தால் மின்சாரத்தை அணைத்து இறக்கையைக் கையால் சுற்றுங்கள். கனமாகச் சுற்றினால் பேரிங் பிடித்திருக்கிறது. லேசாகச் சுற்றினால் பலகையிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் ஒன்று கழன்றிருக்கலாம். அந்த மூன்று கம்பிகளில் "நேராகக் கரன்ட் கொடுத்துப் பார்ப்போம்" என்று யாரும் சொன்னால் தடுத்துவிடுங்கள். அங்கே 230 வோல்ட் கொடுக்கவே கூடாது.

ரெகுலேட்டர் இன்னும் சுவரில் இருக்கும் வீடுகளில் இதே அறிகுறி சற்று மாறி வரும். சுற்ற ஆரம்பித்து, 'பீப்' அடித்து, நின்று, மறுபடி ஆரம்பிக்கும். பலகைக்குப் போதுமான மின்சாரம் வராததால் அது மீண்டும் மீண்டும் தன்னைப் புதிதாகத் தொடங்கிக்கொள்கிறது.

பழைய விசிறியில் கிட் போட்டிருந்தால் வழி எளிது. எம்சிபியை இறக்கி, ரிசீவரைக் கழற்றிவிட்டு, விசிறியை நேரடியாக இணைத்துப் போட்டுப் பாருங்கள். ஓடினால் குற்றம் ரிசீவர் மேல். ஓடாமல் முனகினால், கையால் தள்ளிவிட்டால் ஓடினால், கண்டென்சர் போய்விட்டது.

அருகில் போனால்தான் கேட்கிறது

பலவீனமான பேட்டரிதான் முதல் சந்தேகம். அது இல்லையென்றால், அகச்சிவப்பு வகையில் கண்ணாடியைப் பாருங்கள். விசிறியின் அடி மூடியில் கறுப்பாக ஒரு சிறு சாளரம் இருக்கும். தூசியும் சமையல் எண்ணெய்ப் புகையும் படிந்து, வெள்ளையடித்தபோது சுண்ணாம்புத் துளி விழுந்து, அது குருடாகியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் சரி.

ஒரு குறிப்பிட்ட விளக்கைப் போட்டால் மட்டும் ரிமோட் தடுமாறுகிறதா? அகச்சிவப்பு ரிமோட்டின் துடிப்பு பெரும்பாலும் நொடிக்கு 38,000 தடவை. மின்னணுச் சோக் வைத்த சில குழல்விளக்குகளும் அதன் அருகே துடிப்பதால் ரிசீவர் குழம்பிவிடுகிறது. விளக்கை அணைத்துப் பாருங்கள். சரியானால் மாற்ற வேண்டியது விளக்கை.

ரேடியோ வகையில் ஆன்டெனா வாலைத் தேடுங்கள். இரும்புக் கப்புக்குள் மடங்கிக் கிடக்கும்.

ஓடுகிறது, வேகம் ஏறவில்லை

பழைய விசிறியில் இதற்குக் காரணம் பெரும்பாலும் கண்டென்சர். மேலே 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கொள்ளளவின் அலகு) என்பது போல எழுதியிருக்கும். வருடங்கள் போகப் போக அதன் கொள்ளளவு குறையும், வேகமும் கூடவே குறையும். கிட் போட்ட நாளில்தான் இது கவனத்துக்கு வரும் என்பதால் பழி கிட்டின் மேல் விழுகிறது. அதே அளவுள்ள புதுக் கண்டென்சர் போடுங்கள். கூட்டிப் போட்டால் வேகம் கூடும் என்று பெரிய அளவு போடுவது சுருளைச் சூடாக்கும். பழையதைத் தொடுவதற்கு முன் அதன் இரு முனைகளையும் பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்குரூ டிரைவரால் ஒரு கணம் இணைத்து, தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றிவிடுங்கள்.

மாலையில் மின்னழுத்தம் இறங்கும் ஊர்களில் பழைய விசிறி மெதுவாகச் சுற்றுவது இயல்பு. பிஎல்டிசி அப்படிச் சுற்றக் கூடாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் மின்னழுத்தம் எவ்வளவு ஆடினாலும் பலகை வேகத்தைக் காப்பாற்றும். அது மெதுவானால் ரெகுலேட்டரைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் உறக்க நிலைப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உறுமுகிறது

குறைந்த வேகத்தில் மட்டும் உறுமினால், கிட்டின் ரிசீவர் அலையை வெட்டி வேகம் குறைக்கும் வகை. வெட்டுப்பட்ட அலை மோட்டாரின் இழுவையைச் சீரற்றதாக்குகிறது. அந்த நடுக்கம்தான் காதில் விழுகிறது. இதற்குப் பழுது நீக்கம் கிடையாது. கண்டென்சரும் ரிலேயும் (மின்சாரத்தால் சொடுக்கும் சிறு சுவிட்ச்) வைத்த ரிசீவராக மாற்ற வேண்டும். வேகம் மாற்றும்போது 'டிக்' என்று சொடுக்கினால் அது ரிலே வகை. கடையில் இயக்கிக் காட்டச் சொல்லி, அந்தச் சொடுக்கைக் கேட்டு வாங்குங்கள். தூங்கும் அறைக்கு வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால், இன்வெர்ட்டர் சதுர அலை வகை. ரிசீவர் மேல் குறையில்லை.

தானாக நிற்கிறது, தானாக வேகம் மாறுகிறது

நள்ளிரவில் நின்றால் டைமர். ரிமோட்டில் 2, 4, 8 என்று எண்கள் இருந்தால் அவை மணிக்கணக்கு. வேகம் என்று நினைத்து அழுத்தியிருப்பார்கள். மணிக்கு மணி வேகம் குறைந்துகொண்டே வந்தால் உறக்க நிலை. முழு வேகத்தில் சிறிது நேரம் ஓடித் தானே இறங்கினால் பூஸ்ட் நிலை. வயதானவர்கள் பயன்படுத்தும் ரிமோட்டில் தேவையில்லாத பொத்தான்களின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பல வீடுகளில் இதுவே நிரந்தரத் தீர்வாக இருக்கிறது.

மின்சாரம் மினுக்கும்போது வேகம் மாறுகிறதா? சில மாதிரிகளில் சுவர் சுவிட்சை வேகமாக அணைத்துப் போட்டால் அடுத்த வேகத்துக்குப் போகும் வசதி உண்டு. ரிமோட் கையில் இல்லாதபோது உதவட்டும் என்று வைத்தது. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் விசிறி அதையும் சுவிட்ச் என்றே எடுத்துக்கொள்ளும்.

இவை எதுவும் இல்லாமல் அடுக்குமாடியில் விசிறி தன் போக்கில் இயங்கினால் பக்கத்து வீட்டு ரேடியோ ரிமோட்டை நினையுங்கள். ஒரே நிறுவனம், ஒரே குறியீடு. உங்கள் ரிமோட்டைப் புதிதாக அறிமுகப்படுத்தினால், அல்லது கிட்டில் சிறு சொடுக்குகள் இருந்தால் ரிமோட், ரிசீவர் இரண்டிலும் ஒரே மாதிரி நிலை மாற்றினால் விலகிவிடும். அகச்சிவப்பு வகையில் அண்டை வீட்டுத் தொல்லை கிடையாது. ஆனால் ஒரே கூடத்தில் ஒரே மாதிரி இரண்டு விசிறி மாட்டினால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் கேட்கும். வாங்கும்போதே ஒன்றை ரேடியோ வகையாக வாங்குவது நல்லது. மாட்டியாகிவிட்டதென்றால், ஒன்றைச் சுவிட்சில் அணைத்துவிட்டு மற்றதன் வேகத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சுற்றுகிறது, காற்று கீழே வரவில்லை

ரிமோட்டில் எதிர்த்திசைப் பொத்தான் இருந்தால் மறுபடி அழுத்துங்கள். பழைய விசிறியில் கண்டென்சர் மாற்றிய பிறகு இது வந்தால், கண்டென்சர் கம்பி தவறான சுருளில் சேர்ந்திருக்கிறது. மாற்றியவரையே கூப்பிட்டு இடம் மாற்றச் சொல்லுங்கள்.

மின்சாரம் வந்தும் விசிறி வரவில்லை

இது பழுதல்ல. சில விசிறிகள் மின்சாரம் திரும்பியதும் பழைய வேகத்தில் தொடரும். சில ரிமோட் அழுத்தும்வரை நின்றுகொண்டே இருக்கும். தனியாகப் படுத்திருக்கும் முதியவர்கள், கைக்குழந்தைகள் உள்ள அறைக்கு முதல் வகைதான் வேண்டும். விற்பனையாளரிடம் சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியது இரண்டாம் வகை என்றால், சுவிட்சை அணைத்துப் போட்டால் அது ஓடத் தொடங்குகிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

ரிமோட் தொலைந்துவிட்டது

எந்தக் கடையில் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, "மாடல் எண் என்ன?" அந்த எண் விசிறியின் மேல்பக்கத்தில், கூரையைப் பார்த்து ஒட்டியிருக்கும். மாட்டுவதற்கு முன்பே அந்த ஒட்டுத்தாளையும், ரிமோட்டின் பின்பக்கத்தையும், ரிசீவரில் அச்சிட்ட இணைப்புப் படத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத விசிறியின் பலகையை நீங்களோ உள்ளூர்க் கடையோ திறக்க வேண்டாம். திறந்த அடையாளம் தெரிந்தால் சேவை மையத்தில் ஏற்க மறுப்பார்கள். அகச்சிவப்பு வசதியுள்ள கைப்பேசி சில நிறுவன விசிறிகளை இயக்கும். புது ரிமோட் வரும்வரை அது போதும். ரேடியோ வகைக்கு அதே நிறுவனத்தின் அதே மாதிரி ரிமோட்தான் வேண்டும். வந்ததும் நேராக வேலை செய்யாது. மேலே சொன்னபடி சுவிட்சை அணைத்துப் போட்டு, முதலில் விசிறிக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.